இரண்டில் நின்ற எண்

எனக்கு இருப்புக் கொள்ளாது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் கை எதையாவது கழற்றத் தொடங்கும். கல்யாணமான புதிதில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சுவர்மணிக்கூட்டை நான் ஒரு மத்தியானம் முழுக்கப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்த கதையை என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் சொல்லுவாள். அதற்குப் பிறகு அந்த மணிக்கூடு ஓடவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வாள். இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலைதான் எனக்குக் கிடைத்தது. கண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படிப்பிக்கிறேன். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். வேலைக்காக வந்து, பல்லேகலப் பக்கம் ஒரு சரிவில் சின்ன வீடொன்றைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டோம். மகள் கல்யாணம் முடித்து மட்டக்களப்பில் இருக்கிறாள்.

சென்ற மழைக்காலத்தில் என் வலது காலின் இரண்டாம் விரலைப் புதுச் சப்பாத்து கடித்தது. நான் நெடுங்காலச் சீனி வருத்தக்காரன். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுகிறவன். சீனிக்காரனுக்குக் காலில் உணர்ச்சி குறைவு, அதனால் வலிக்கவில்லை. வலிக்காததால் நான் குனிந்து பார்க்கவும் இல்லை. மனைவி தோய்ப்பதற்கு என் காலுறையை எடுத்தபோதுதான் அதில் ஈரம் ஒட்டியிருந்ததைக் கண்டாள். அதற்குள் புண் விரலின் நுனி வரைக்கும் போயிருந்தது.

கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் மகளின் வயதுதான் இருக்கும். விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடி மறைக்காமல் சொன்னார். புண் இருந்தால் சீனி ஏறும். சீனி ஏறினால் புண் ஆறாது. ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த கிளினிக்குக்குள் சீனி இறங்கினால் விரல் தப்பும். இறங்காவிட்டால் காலுக்குப் பரவ முன்னர் விரலை எடுத்துவிட வேண்டும். மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். நான் எழும்பும்போது, “இன்சுலினை எப்படி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமே. சூடானால் அது வேலை செய்யாது” என்றார்.

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார். எனக்கு அது போதும். பஸ்ஸில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை அதே நினைப்புத்தான். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எங்கேயாவது ஒரு மரம் கம்பியில் சாயும், அரை நாளுக்குக் கரண்ட் இருக்காது. நாடு முழுக்க நீண்ட மின்வெட்டு இருந்த காலத்தில் பழகிய ஒரு வேலையை எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை. கரண்ட் இருக்கும்போது பிரிட்ஜின் திருகியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி விடுவோம். சோடாப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி மேலே ஐஸ் பெட்டிக்குள் உறைய வைப்போம். கரண்ட் போனதும் அந்தப் போத்தல்களைக் கீழ்த் தட்டுக்கு இறக்குவோம். இந்த நாட்டில் பாதி வீடுகளில் இப்படித்தான். குளிரைச் சேமித்து வைக்கிறோம் என்று நினைப்பு. ஆனால் என் இன்சுலின் குப்பிகளோ பிரிட்ஜின் கதவுத் தட்டில், தேசிக்காய்களுக்குப் பக்கத்தில் இருந்தன. கதவைத் திறக்கும்போதெல்லாம் குசினியின் சூடு நேராக அதில்தான் படும்.

அடுத்த நாளே டவுனுக்குப் போனேன். இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர் எனக்குப் பழக்கம். கண்டியில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். நான் பிரிட்ஜுக்குள் வைக்க வெப்பநிலை சென்சர் வேண்டும் என்றதும் அவர் எஃகு உறை போட்ட ஒன்றை எடுத்து வைத்தார்.

“இது டிஜிட்டல் சேர். தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது. குளிருக்கு இதுதான் நல்லம்.”

“எனக்கு அனலொக் தாருங்கோ. அந்த மூண்டு கால் கறுப்பன்.”

“இந்தக் காலத்துல அத ஆரு சேர் வாங்குற? ஒங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்க மட்டும்தான் எடுத்துட்டுப் போற.”

அவர் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் அனலொக் ஆள். டிஜிட்டல் சென்சர் உள்ளுக்குள் தானே கணக்குப் பார்த்து, முடிவான எண்ணைக் கொண்டு வந்து கையில் தரும். அதில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. அனலொக் அப்படி இல்லை. ஒரு பாகை சூடு ஏறினால் பத்து மில்லிவோல்ட் ஏறும், ஒரு பாகை இறங்கினால் பத்து மில்லிவோல்ட் இறங்கும். மற்றதெல்லாம் நம் பொறுப்பு. இடையில் ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. வகுப்பிலும் இப்படித்தான் பெருமையடிப்பேன். கடைக்காரரின் எஃகு உறையைத் திரும்பிப் பார்க்காமல் கறுப்பனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கியது. மனைவி பின்னேரங்களில் அதே மேசையில்தான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பாள். என் வயர்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அவர்களின் கொப்பிகளை விரிப்பாள். நான் சென்சரின் மூன்று கால்களிலும் மெல்லிய வயர் பற்றவைத்து, ஈரம் போகாமல் மெழுகு ஊற்றி அடைத்து, கதவின் ரப்பர் ஓரத்தால் உள்ளே விட்டேன். வெளியே, பிரிட்ஜின் தலையில், எண் காட்டும் சின்னத் திரையுடன் ஒரு மின்சுற்றுப் பலகை. அதற்குப் பழைய போன் சார்ஜர் ஒன்றிலிருந்து மின்சாரம்.

போட்டதும் எண் ஆடத் தொடங்கியது. ஆறு என்றது. கண் மூடித் திறக்க முன்னர் ஒன்பது என்றது. பிறகு நான்கு, திரும்பவும் எட்டு. பிரிட்ஜுக்குள் வெப்பநிலை அப்படித் துள்ளாது என்று எனக்குத் தெரியும். பழைய சார்ஜர் ஐந்து வோல்ட் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நினைத்ததைத் தரும். வயர் நீளமாக இருந்தால் வீட்டில் ஓடும் எல்லாக் கரண்டின் இரைச்சலையும் அது பொறுக்கிக்கொள்ளும். மில்லிவோல்ட் கணக்கில் பேசுகிற ஒன்றுக்கு அந்த இரைச்சலே பெரிய கூச்சல். காரணம் தெரிந்தாலும் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எண் ஆட என் காலும் ஆடியது. மோட்டர் போட்டுத் தண்ணீர் ஏற்றும்போது எண் பதினான்குக்குப் பாய்ந்ததைக் கண்டு, மருந்து அவிந்துவிட்டது என்று நான் கத்த, கணிதம் படிக்க வந்த பிள்ளைகள் பயந்துபோய் எழும்பி நின்றார்கள்.

“நீங்கள் உந்தப் பெட்டியைப் பார்க்கிறதை விட்டிட்டுப் போய்க் காலுக்கு மருந்து கட்டுங்கோவன்” என்றாள் மனைவி.

“கால் தப்ப வேணுமெண்டுதானப்பா இதைப் பார்க்கிறன்.”

வயர்களை முறுக்கினேன். வெளியீட்டுக்கும் தரைக்கும் நடுவில், இரைச்சலை விழுங்க, ஒரு சின்னக் கொள்ளளவியைப் போட்டேன். பலகைக்குள்ளேயே இருக்கும் நிலையான வோல்ட்டை அளவுகோலாக எடுத்துக் கணக்கை மாற்றினேன். எண்ணின் துள்ளல் அடங்கி, கதவுத் தட்டில் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வந்து நின்றது. குப்பிப் பெட்டியில் அச்சடித்திருப்பது இரண்டிலிருந்து எட்டு வரை. அப்படியானால் டொக்டர் சந்தேகப்பட்டது சரி. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. எதிரி யார் என்று தெரிந்துவிட்டது என்ற சந்தோஷம் அது.

குப்பிகளைக் கதவிலிருந்து எடுத்தேன். கிளினிக்கில் தந்த புதுக் குப்பிகள் எல்லாவற்றையும், பாவித்துக்கொண்டிருந்ததையும் சேர்த்து, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே, பின்சுவரோடு ஒட்டி வைத்தேன். சென்சரையும் அங்கேயே கொண்டுபோய் குப்பிகளோடு கட்டினேன். திருகி ஏற்கெனவே கடைசி எண்ணில். அது போதாது என்று உறைந்த தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை இரு பக்கமும் காவல் வைத்தேன். கரண்ட் போனால் என்ன, போகாவிட்டால் என்ன.

எண் இறங்கியது. எட்டு, ஆறு, ஐந்து, மூன்று. பின்னேரம் பார்த்தபோது இரண்டு. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. காலையில் இரண்டு. மத்தியானம் இரண்டு. மழையில் கரண்ட் போய், பலகைக்கு ஒரு பவர் பேங்கைக் கொடுத்துப் பார்த்தபோதும் இரண்டு. மோட்டர் போட்டாலும் இரண்டு. என் வாழ்க்கையில் இவ்வளவு அசையாமல் நின்ற ஒன்றை நான் கண்டதில்லை. தேநீர்க் கோப்பையோடு பிரிட்ஜுக்கு முன்னால் நிற்பேன். என் கால் ஆடாமல் இருந்தது அந்தச் சில நாட்களில்தான் என்று நினைக்கிறேன். கல்லூரியில் சக ஆசிரியர்களுக்குக்கூடப் படம் எடுத்துக் காட்டினேன்.

சீனி ஏறியது.

முதலில் இருநூற்றைம்பது. சரி, புண்ணால் என்று நினைத்தேன். பிறகு முந்நூறு. பிறகு முந்நூற்றைம்பதையும் தாண்டியது. தொண்டை வறண்டுகொண்டே இருந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போதாது. குடித்ததெல்லாம் போய்க்கொண்டும் இருந்தது. வகுப்பில் பாதிப் பாடத்தில் வெளியே ஓடுவேன். புசல்லாவையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், “சேர், ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லைங்களா?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் ஒரு வேலையைத் தொடங்கி அதை விட்டு இன்னொன்றைத் தொடங்கி, எல்லாவற்றையும் பாதியில் போட்டேன். விரலின் சிவப்பு மெல்ல நீலமாக மாறிக்கொண்டிருந்தது.

மருந்து சரி. எண் சொல்கிறது, இரண்டு. அளவும் டொக்டர் கூட்டித் தந்த அளவுதான். அப்படியானால் பிழை எங்கே? மனைவிக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

“நீங்கள் வெளியில என்னவோ சாப்பிடுறியள்.”

“சத்தியமா இல்லை.”

“அப்ப சீனி காத்தில வந்ததோ?”

இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வத்தேகமவில் இருக்கும் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே குசினி வாசலில் நின்றுகொண்டு நான் கித்துள் கருப்பட்டி போட்ட இனிப்பு வட்டிலப்பத்தை ஒரு கரண்டி வாய்க்குள் போட்டதை மனைவி கண்டுவிட்டாள். ஒரு கரண்டிதான். அது புண் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் அந்த ஒரு கரண்டி எங்கள் வீட்டில் வளர்ந்து வளர்ந்து ஒரு சட்டி வட்டிலப்பம் ஆகிவிட்டது. மகளிடம் போனில், “அப்பா களவா இனிப்புத் தின்னுறார் பிள்ளை. ஆர் சொல்லியும் கேக்கிறார் இல்லை. கால் போனாப் பிறகுதான் கேப்பார்போல” என்று நான் கேட்கும்படியாகவே சொன்னாள். மகள் என்னைக் கூப்பிட்டு, அழுதழுது புத்தி சொன்னாள். நான் பெற்ற பிள்ளை எனக்கு, இனிப்பைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த நாள் சீனிப் போத்தலைக் காணவில்லை. கருப்பட்டியையும் காணவில்லை. எல்லாம் அறைக்குள் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தது. திறப்பு அவளின் கழுத்துச் சங்கிலியில். எனக்குச் சீனி தேவையில்லை, தேநீரை வெறுமனேதான் குடிக்கிறேன். ஆனாலும் அந்தத் திறப்பைக் காணும்போதெல்லாம் உடம்பு பற்றி எரிந்தது. பள்ளிப் பிள்ளை பென்சில் களவெடுத்தால் பிடிப்பதுபோல என்னைப் பிடித்து வைத்திருக்கிறாளே என்று இருந்தது. கத்தினேன். அவளும் கத்தினாள். அவள் கத்தி முடித்துவிட்டு என் காலுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, சேலைன் தண்ணீரால் புண்ணைக் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் காலைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போனாள்.

ஒரு கட்டத்தில் எனக்கே என் வாயில் சந்தேகம் வந்தது. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் பேச்சு மும்முரத்தில் எதையாவது எடுத்து வாய்க்குள் போட்டேனா? யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினார்களா? மருந்து பிழையில்லை, அளவு பிழையில்லை என்றால் நான்தானே பிழையாக இருக்க வேண்டும். இரண்டு என்ற அந்த எண் அவ்வளவு உறுதியாக நின்றது. அதன் முன்னால் என் சொந்த ஞாபகம் பலவீனமாகத் தெரிந்தது.

கவனித்திருக்க வேண்டிய விஷயங்கள் இருந்தன. என் இன்சுலின் கலங்கல் வகை. ஊசியில் எடுக்க முன்னர் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், அப்போது பால் போல ஒரே சீராக வரும். அந்த நாட்களில் எவ்வளவு உருட்டினாலும் உள்ளே குருணை குருணையாக ஏதோ மிதந்தது, கண்ணாடியிலும் ஒட்டியது. நான் சரியாக உருட்டவில்லை என்று நினைத்து இன்னும் உருட்டினேன். மனைவியும் குசினியிலிருந்து முறையிட்டுக்கொண்டே இருந்தாள். கீரை கறுத்துப் போகிறது. தயிருக்குள் ஐஸ் கிடக்கிறது. நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். எண்ணைப் பாரும், இரண்டு.

கிளினிக்குக்கு முதல் நாள் காலை அவள் வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் மேசையில் போட்டாள். கல் விழுந்த சத்தம் கேட்டது.

“இது எங்க கிடந்தது தெரியுமோ? உங்கட மருந்துக்குப் பக்கத்தில. இதையும் உங்கட எண் ரெண்டு எண்டுதான் சொல்லுதோ?”

“வெள்ளரிக்காயில தண்ணி கூட. அதுதான்” என்றேன். என்னவென்று தெரியாமலே சொன்னேன்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று போய்ப் பிரிட்ஜைத் திறந்தாள். குப்பிகளோடு கட்டியிருந்த சென்சரைக் கழற்றி, மேலே ஐஸ் பெட்டியைத் திறந்து, கட்டியாக உறைந்திருந்த பாரை மீனுக்குள் அதைச் செருகிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

“வயர் அறுந்து போகுமப்பா!”

“அறுந்தால் அறுந்து போகட்டும். பாப்பம் என்ன சொல்லுதெண்டு.”

இருவரும் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றோம். கதவு திறந்ததில் எண் ஆறுக்கு ஏறியிருந்தது. ஐந்து ஆனது. நான்கு. மூன்று. இரண்டு. நான் காத்திருந்தேன். இரண்டு. அவள் தேத்தண்ணி ஊற்றி ஆற்றி என் கையில் தந்தாள். இரண்டு. நான் அதைக் குடித்து முடித்தேன். மீன் கல்லாகிக் கிடக்கும் பெட்டிக்குள்ளிருந்து என் கறுப்பன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் இரண்டு என்றான்.

“உங்கட பெட்டிக்கு மருந்தும் மீனும் ஒண்டுதான்போல” என்றாள் அவள். “பழுதாப் போச்சு. எறியுங்கோ.”

அது பழுதாகவில்லை. எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நானே எழுதுகிற விஷயம் அது. அந்தச் சென்சருக்கு நேர் மின்சாரம் மட்டும் கொடுத்து, சாதாரணமாகப் பூட்டினால் அது இரண்டு பாகைக்குக் கீழே பேசாது. பூச்சியத்துக்கு மைனஸ் பக்கம் போக வேண்டுமானால் அதற்கு மைனஸ் மின்சாரமும் ஒரு மின்தடையும் வேறாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உலகம் எவ்வளவு குளிர்ந்தாலும் அது அடித்தட்டில், இரண்டில், நின்றுகொள்ளும். பரீட்சைக்கு வருகிற கேள்வி. இரண்டு மதிப்பெண். பிரிட்ஜுக்குள் இரண்டு என்று அது சொன்னதெல்லாம், இதற்குக் கீழே எனக்குத் தெரியாது என்று சொன்னதுதான். இன்சுலினுக்குக் கீழ் எல்லையும் அதே இரண்டு என்பதால் நான் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதுதான் பெரிய வேதனை. மின்வெட்டு, மரம் விழுகிறது, கதவு திறக்கிறது என்று என் மூளை முழுக்கச் சூட்டைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் பிரிட்ஜ் வைத்திருக்கும் ஒருவனும் குளிருக்குப் பயப்படமாட்டான். குளிர் எங்களுக்குக் கிடைக்காத சாமான், கூடக் கூட நல்லது. குப்பிப் பெட்டியில் இரண்டு, எட்டு என்பதற்குப் பக்கத்திலேயே, உறைய விடக் கூடாது என்றும் இருக்கிறது. உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின். உருக வைத்தாலும் எழும்பாது. நான் காலையும் மாலையும் செத்த மருந்தை உருட்டி உருட்டி உடம்புக்குள் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குப்பிகளை வெளியே எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் குருணை. புதுக் குப்பிகள்கூட. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். நான் விளங்கப்படுத்தினேன். வோல்ட், மைனஸ், தடை எல்லாம் சொன்னேன். அவள் கணிதம் படிப்பிக்கிறவள், பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நீங்கள்…” என்று தொடங்கி நிறுத்தினாள்.

நான் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். வாயால் ஒரு வார்த்தை, நீங்கள் ஒன்றும் தின்னவில்லை என்று, அது மட்டும் போதும் என்று இருந்தது. அவள் என் கையிலிருந்த குப்பிகளை வாங்கி ஒரு பையில் போட்டாள்.

“வெளிக்கிடுங்கோ. நாளைக்குக் கிளினிக் வரைக்கும் நிக்கேலாது. இப்பவே போவம்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வார்ட்டில் மறித்துவிட்டார்கள். புது மருந்து உடம்புக்குள் போனதும் சீனி சொன்னபடி கேட்டது. நானூற்றை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது இரண்டு நாளில் இருநூற்றுக்குக் கீழே இறங்கியது. என் வாய் சுத்தம் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆனால் விரல் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நீலம் கறுப்பாகி, அடிவரை வந்துவிட்டிருந்தது. என் மகளின் வயதுடைய அந்த டொக்டர் வந்து பார்த்துவிட்டு, விரலைக் காப்பாற்ற முடியாது, இப்போது எடுத்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எடுத்த பிறகு கிடந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் எனக்கு ஒத்துவராத இடம். அசையக் கூடாது என்றார்கள். எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய பழைய மின்விசிறியின் சுவிட்சைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. இல்லாத விரல் அரித்தது. மனைவி காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, சாயந்தரம்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள். பிரிட்ஜைப் பற்றியோ வட்டிலப்பத்தைப் பற்றியோ நாங்கள் இருவரும் பேசவில்லை. வீட்டில் தேசிக்காய் காய்க்கிறது, பிள்ளைகளுக்குச் சோதனை வருகிறது என்று மற்றதெல்லாம் பேசினோம். நான் தின்னவில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் இன்னும் சொல்லவில்லை. விரல் போனதைவிட அது பெரிதாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு காலை பெரிய டொக்டர் சுற்றி வந்தார். கூடவே மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஒரு கூட்டம். என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். வந்த நாளில் சீனி எவ்வளவு இருந்தது என்று அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, பிள்ளைகளையும் பார்த்து, என்னையும் பார்த்து, சிரித்தபடி சிங்களத்தில் கேட்டார். இனிப்பை விட முடியவில்லையா ஐயா, நாக்குக்காக விரலையே கொடுத்துவிட்டீர்களே என்று. பிள்ளைகளில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் பொல்லாதவர் இல்லை. சீனி வார்ட்டில் நாள் முழுக்க அவர் காண்பது அப்படிப்பட்டவர்களைத்தான்.

வீட்டில் சிங்களம் பேசுகிறவன் நான். வங்கி, அரசாங்கக் கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் நான்தான் பேசுவேன். அவளின் சிங்களம் சந்தையில் மரக்கறி விலை கேட்பதோடு முடியும். அதற்குமேல் என்றால் வெட்கப்பட்டு என் பின்னால் நின்றுகொள்வாள். பெரிய டொக்டருக்கும் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேருக்குத்தான் சொல்வது என்று அலுத்துவிட்டது. அப்போது அவள் கதிரையிலிருந்து எழும்பினாள்.

“நே டொக்டர்” என்றாள். “எயா கேவே நே.”

இல்லை டொக்டர், அவர் தின்னவில்லை. சந்தைச் சிங்களம்தான். டொக்டர் அவள் பக்கம் திரும்பினார், பிள்ளைகளும் திரும்பினார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் விடவில்லை. உறைவதற்கும் சென்சருக்கும் சிங்களத்தில் என்ன சொல் என்று தேடினாள். கிடைக்கவில்லை. கையை விரித்து, தெரிந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டாள்.

“பெஹெத் மெருணா டொக்டர். பெஹெத் மெருணா.”

மருந்து செத்துப்போச்சு என்று. அந்தச் சிங்களத்தைக் கேட்டு ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. டொக்டர் ஏதோ விளங்கியதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் என்னால் அடக்க முடியவில்லை, கட்டிலே குலுங்கியது. காலில் வலி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, அவள் நேர்ஸைக் கூப்பிட ஓடினாள்.